பழைய பதிப்பு என்று தூக்கிப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கணினிப் புத்தகம் வாங்குவது காசைக் கடலில் போடுவது மாதிரி, அச்சாகி வருவதற்குள் மென்பொருள் மாறிவிடும், நூலகங்கள் அந்த இறாக்கையையே காலி செய்துவிடலாம் என்று போன கிழமை உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பாதி சரி. மற்றப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் திருகோணமலையில் நாலைந்து கடைகளுக்கும் ஒரு அரிசி ஆலைக்கும் தரவுத்தளம் பார்த்துக் கொடுக்கிறவன். எல்லாம் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில்தான். என்னிடம் இருப்பது 9ஆம் பதிப்புக் காலத்துத் தடித்த புத்தகம், பழைய புத்தகக் கடையில் எடுத்தது, இங்கத்தைய உப்புக்காற்றில் மட்டை வீங்கிப்போய்க் கிடக்கிறது. போஸ்ட்கிரெஸ்காரர் வருடத்துக்கு ஒரு பெரிய பதிப்பு விடுவார்கள், ஒவ்வொன்றையும் 5 வருடம்தான் பராமரிப்பார்கள். அந்தக் கணக்கில் என் புத்தகம் எப்போதோ செத்துவிட்டது.

அது என்னை ஏமாற்றியும் இருக்கிறது. அரிசி ஆலையில் 12ஆம் பதிப்பைப் போட்டுவிட்டு, ஒருநாள் பாக்கப்பிலிருந்து மீட்க வேண்டி வந்தபோது, புத்தகம் சொன்னபடியே ரெக்கவரி டொட் கொன்ஃப் என்று ஒரு கோப்பை எழுதி வைத்தேன். சேவர் எழும்பவே இல்லை. 2019இல் வந்த அந்தப் பதிப்போடு அதிலிருந்த அமைப்புகளையெல்லாம் பிரதான கோப்புக்குள் கொண்டுபோய்விட்டார்களாம், பழைய கோப்பு அங்கே இருந்தாலே சேவர் தொடங்க மறுக்குமாம். இரவு பதினொரு மணி, முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டு "தம்பி, விடிய லொறி வருது" என்கிறார். புத்தகத்தைக் கொட்டியாரக் குடாவில் எறியலாம் போல இருந்தது.

சரி, இனி மற்றப் பாதி. 2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது நினைவிருக்கும். அப்போது ஒரு கடையின் தரவுத்தளம் உடைந்துபோய் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு முன் வேலை செய்த பெடியன், வேகமாக ஓடும் என்று இணையத்தில் யாரோ எழுதியதை நம்பி எழுதியது உண்மையிலேயே வட்டில் ஏறிவிட்டதா என்று உறுதிப்படுத்துகிற எஃப்சிங்க் என்ற அமைப்பை நிறுத்தி வைத்திருக்கிறான். அது ஏன் கூடாது என்பது என் செத்த புத்தகத்தில் ஒரு அத்தியாயம் முழுக்க இருக்கிறது: எந்த மாற்றமும் முதலில் வால் என்ற பதிவேட்டில் எழுதப்பட்டு, அது வட்டில் ஏறியது உறுதியான பிறகுதான் கமிட் ஆனதாக, அதாவது நிலையாகப் பதிந்ததாகக் கணக்கு, அட்டவணைப் பக்கங்கள் பிறகு ஆறுதலாக எழுதப்படும், நடுவில் கரண்ட் போனால் பதிவேட்டை வாசித்து எழும்பிவிடும். எஃப்சிங்க் இல்லாவிட்டால் அந்த உறுதியே இல்லை. இது 9இலும் இப்படித்தான், இன்றைக்கும் இப்படித்தான். 2017இல் 10ஆம் பதிப்பில் அந்தப் பதிவேடு இருக்கும் கோப்புறையின் பெயரை பிஜி எக்ஸ்லொக்கிலிருந்து பிஜி வால் என்று மாற்றினார்கள், அவ்வளவுதான். அதுகூட, லொக் என்று பெயரில் இருந்ததால் வெறும் குப்பைப் பதிவு என்று நினைத்து, இடம் போதாதபோது ஆட்கள் அழித்துவிடுகிறார்கள் என்பதால்தான்!

இன்னொன்று. புத்தகத்தின் மட்டையிலேயே எந்தப் பதிப்புக்கானது என்று போட்டிருக்கும். பெடியன் பார்த்த பக்கத்தில் பதிப்பும் இல்லை, வருடமும் இல்லை. எது ஆபத்து?

நான் இப்போது செய்வது இதுதான்: புதுப் பதிப்பு வரும்போது அதன் வெளியீட்டுக் குறிப்பில், பழையதிலிருந்து மாறுகிறவர்களுக்கென்று இருக்கும் பகுதியை வாசித்து, என் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் '12இல் இல்லை', '15இலிருந்து பப்ளிக் ஸ்கீமாவில் (தரவுத்தளத்துக்குள் இருக்கும் பொதுப் பகுதி) எல்லோரும் டேபிள் உருவாக்க முடியாது' என்று குறித்துவிடுவேன். ஒரு பின்னேரம், இரண்டு தேத்தண்ணீர் போதும். நிறுவும் அத்தியாயத்தைத் திறப்பதே இல்லை, அதை விட்டுத் தள்ளலாம்.

நூலகங்களும் எறிவதற்குப் பதிலாக முதுகில் பதிப்பு எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டலாமே. அந்த வாசகர் தன்னிடம் உள்ளவற்றை எறியப் போகிறார் என்றால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள், ஆட்டோக் காசு நான் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
உவர்மலை, திருகோணமலை