பட்டியலோடு வாக்கியமும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாணவர் பக்கத்தில் ஆங்கில வினைச்சொற்களை ‘கோ – வென்ட் – கான்’, ‘டேக் – டுக் – டேக்கன்’ என்று மூன்று பத்திகளாக வெளியிடுகிறீர்கள். மனப்பாடத்துக்கு உதவும். ஆனால் இதைப் பிசகில்லாமல் ஒப்பிக்கிற பிள்ளைகளே ‘டிட் யூ வென்ட்?’ என்றும் ‘ஐ டிட் நாட் கேம்’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டாம் பத்திச் சொல் எங்கே வரக்கூடாது என்பது பட்டியலில் இல்லையே!

‘ஷி வென்ட் ஹோம்’ என்று நேராகச் சொல்லும்போது ‘வென்ட்’ வரும். எதிர்மறையிலும் கேள்வியிலும் இறந்தகாலத்தை ‘டிட்’ சுமந்துகொள்வதால், வினை முதல் பத்திக்கே திரும்பிவிடும்: ‘ஷி டிட் நாட் கோ’, ‘டிட் ஷி கோ?’. ‘ஹூ’ போன்ற கேள்விச்சொல்லே எழுவாயாக நிற்கும் கேள்வி விலக்கு. ‘ஹூ வென்ட்?’ என்றால் போதும், அங்கே ‘டிட்’டுக்கு வேலையில்லை.

இதைப் புரியவைக்கத் தமிழே கைகொடுக்கும். ‘போகவில்லை’யில் உள்ள ‘போக’ காலம் காட்டாது. ‘டிட் நாட் கோ’வில் உள்ள ‘கோ’வும் அப்படித்தான். கேள்வியில்தான் சறுக்கல். ‘போனாய்’ என்ற இறந்தகால வினை அப்படியே இருக்க, ‘ஆ’வைச் சேர்த்தால் ‘போனாயா?’ ஆகிவிடுகிறது. அதே பழக்கத்தில் ‘யூ வென்ட்’டைத் தொடாமல் அதன் முன்னால் ‘டிட்’டை வைத்துவிடுகிறார்கள். ஆகவே முதலில் எதிர்மறையைப் பழக்கி, அது படிந்த பிறகு கேள்விக்குப் போவது நல்லது.

‘ஐ ஹேவ் வென்ட்’ என்பதும் அடிக்கடி கண்ணில் படுகிறது. ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ மூன்றுக்கும் பின்னால் மூன்றாம் பத்திச் சொல்தான் வரும்.

பத்து வினைகள் போடும் இடத்தில் நான்கு போதும். ஒவ்வொன்றுக்கும் நேர் வாக்கியம், எதிர்மறை, கேள்வி ஆகியவற்றை அச்சிடுங்கள். உச்சரிப்பையும் தமிழில் கொடுங்கள். ‘ரீட்’ இறந்தகாலத்தில் எழுத்து மாறாமல் ‘ரெட்’ என்று ஒலிப்பது பலருக்குத் தெரிவதில்லை. ‘புட்’, ‘கட்’ போன்றவை மூன்று பத்தியிலும் மாறாதவை. ‘ஹி புட்ஸ்’ நிகழ்காலம், ‘ஹி புட்’ இறந்தகாலம் என்று எடுத்துக்காட்டோடு சொன்னால்தான் விளங்கும்.

‘லை – லே – லெய்ன்’ (படுத்தல்), ‘லே – லெய்ட் – லெய்ட்’ (கிடத்துதல், வைத்தல்) இரண்டையும் ஒரே வாரத்தில் போடவேண்டாம். முதல் வினையின் இறந்தகாலமே இரண்டாவதன் நிகழ்காலமாக இருப்பதால், சேர்த்துப் படிக்கும் பிள்ளை இரண்டையும் குழப்பிக்கொள்ளும்.

அன்புடன்,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
திருச்சி