ரோம் – ஃபிளாரன்ஸ் வழியில் ஒரு மலையூர்: டிக்கெட்டை இரண்டாக எடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கினால் நம் நாளிதழ்களின் சுற்றுலாப் பக்கங்களில் இத்தாலி வந்துவிடும். ரோமில் இறங்குங்கள், ஒன்றரை மணி நேரத்தில் அதிவேக ரயில் ஃபிளாரன்ஸில் விட்டுவிடும், அங்கிருந்து வெனிஸ் என்று எல்லாக் கட்டுரைகளும் ஒரே தடத்தில்தான் போகின்றன. இடையில் உம்பிரியா, தொஸ்கானா மாநிலங்களின் மலையூர்கள் இருப்பதைச் சொன்னாலும், ‘வழியில் இறங்கிப் பார்க்கலாம்’ என்ற ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். அந்த வரியை நம்பிப் போகும் குடும்பம் ரயிலில் அபராதம் கட்ட நேரிடும். எனவே ரோமிலிருந்து ஓர்வியேத்தோ என்ற மலையூரில் இறங்கி ஃபிளாரன்ஸ் போகும் ஒரே ஒரு வழியை மட்டும் முழு விவரத்தோடு எழுதுகிறேன்.

முதலில் டிக்கெட். நம் ஊர் ரயில்வேயில் 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட் இருந்தால் நடுவில் இறங்கி இரண்டு நாள் வரை தங்கி, அதே டிக்கெட்டில் மேலே போகலாம். அந்த ‘பிரேக் ஜர்னி’ பழக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு ரோம் – ஃபிளாரன்ஸ் என ஒரே டிக்கெட்டாக எடுப்பதுதான் பலர் சறுக்கும் இடம். இத்தாலியின் வட்டார ரயில் டிக்கெட், முத்திரை குத்திய நேரத்திலிருந்து நான்கு மணி நேரமே செல்லும். அந்த நேரத்துக்குள் இறங்கி ஏறத் தடையில்லை. ஆனால் ரோமிலிருந்து ஓர்வியேத்தோவுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி, அங்கிருந்து ஃபிளாரன்ஸுக்கு இரண்டேகால் முதல் இரண்டரை மணி. ஓட்டத்துக்கே மூன்றரை மணிக்கு மேல் போய்விடுகிறது. மிச்சமிருக்கும் நேரத்தில் மலையேறி இறங்கக்கூட முடியாது. ஆகவே ரோம் – ஓர்வியேத்தோ ஒன்று, ஓர்வியேத்தோ – ஃபிளாரன்ஸ் ஒன்று என்று இரண்டு டிக்கெட். முதலாவது ஒன்பது யூரோவை ஒட்டி இருக்கும். இரண்டும் சேர்ந்து ஒரே டிக்கெட்டை விடச் சில யூரோ கூடும், அவ்வளவுதான். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தை தனி இருக்கை கேட்காவிட்டால் கட்டணமில்லை. அதற்கு மேல் பன்னிரண்டு வயது வரை பாதிக் கட்டணம்.

இந்த வண்டிகளில் இருக்கை முன்பதிவு கிடையாது. கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. பயணத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் எடுத்தாலும் அதே விலை. அதிவேக ரயிலில் பல வாரம் முன்பே எடுத்தால் சில சமயம் இதைவிடக் குறைவாகவும் கிடைக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் ‘மலிவு’ என்ற ஒரே காரணத்துக்காக வட்டார ரயிலைப் பரிந்துரைக்க மாட்டேன். ஓர்வியேத்தோவின் பேராலயத்தில் இன்னும் ஒரு மணி நேரம் நிற்கத் தோன்றினால் அடுத்த வண்டிக்குப் போகலாம், பணம் வீணாகாது. அதுதான் இதன் பலம்.

காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடை அருகே இருக்கும் சிறு இயந்திரத்தில் அதை நுழைத்து நேர முத்திரை குத்த வேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் முத்திரை இல்லையென்றால் அபராதம்தான். தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இயந்திரம் வேலை செய்யவில்லையா? தேதி, நேரம், நிலையத்தின் பெயரைப் பேனாவால் டிக்கெட்டின் மேலேயே எழுதிவிட்டு, ஏறியவுடன் நீங்களே பரிசோதகரைத் தேடிப் போங்கள். அவர் உங்கள் இருக்கைக்கு வந்து கேட்கும் வரை காத்திருந்தால் எந்த விளக்கமும் எடுபடாது. செல்பேசியில் எடுத்த டிக்கெட்டுக்கு முத்திரை தேவையில்லை. ஏறுமுன் அதிலேயே ‘செக்-இன்’ செய்தாக வேண்டும் என்ற விதி 2025 செப்டம்பர் வரை இருந்தது. இப்போது நீங்கள் தேர்ந்தெடுத்த வண்டி புறப்படும் நேரத்திலிருந்து டிக்கெட் தானாகவே செல்லுபடியாகத் தொடங்கிவிடும்.  

ரோமின் தெர்மினி நிலையத்தில் அறிவிப்புப் பலகை வண்டியின் கடைசி ஊரை மட்டுமே பெரிதாகக் காட்டும். ‘ஓர்வியேத்தோ’ என்று தேடிக்கொண்டிருந்தால் வண்டி போய்விடும். ‘ஃபிரென்சே எஸ்.எம்.என்.’ என்பதைத் தேடுங்கள். அது ஃபிளாரன்ஸின் மைய நிலையமான சாந்தா மரியா நொவெல்லா. டிக்கெட் எடுக்கும்போதே வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு எண்ணை வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. ஓர்த்தே என்று ஒரு சந்திப்பு நிலையம் ஓர்வியேத்தோவுக்கு முன்னால் வருகிறது. பெயர் காதில் ஒன்றுபோல விழும். அவசரத்தில் மாறி ஏறிவிட வேண்டாம். நடைமேடை எண்ணுக்குப் பக்கத்தில் ‘எஸ்ட்’ என்றிருந்தால் முதல் நடைமேடைப் பக்கமாக வெகுதூரம் நடக்க வேண்டும். பெட்டிகளோடு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். டிக்கெட் இயந்திரத்தருகே வலிய வந்து உதவுகிறவர் ரயில்வே ஊழியர் அல்லர், பணம் கேட்பார்.

ஓர்வியேத்தோ எரிமலைப் பாறை மேட்டின் உச்சியில் இருக்கிறது. ரயில் நிலையம் அடிவாரத்தில். நிலைய வாசலுக்கு எதிரிலேயே இழுவை ரயில். பழனி விஞ்ச் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம், ஒரு பெட்டி ஏற மற்றொன்று இறங்கும். 1888-இல் தொடங்கியபோது மேல் பெட்டியின் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அந்த எடையாலேயே கீழ்ப் பெட்டியை மேலே இழுத்தார்கள். 1970-இல் நின்றுபோய், 1990-இல் மின்சாரத்தில் மறுபடி ஓடத் தொடங்கியது. சில நிமிடப் பயணம்தான். பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பெட்டி. அதே டிக்கெட்டில் மேலிருந்து பேராலயம் வரை போகும் சிறு பேருந்திலும் ஏறலாம்.

பேராலயத்துக்கு 1290-இல் அடிக்கல் நாட்டினார்கள். முகப்பின் சிற்பப் பலகைகளையும் பொன்னிற மொசைக்கையும் வெளியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். உள்ளே சான் பிரித்சியோ சிற்றாலயத்தில் லூக்கா சிஞொரெல்லி 1499 முதல் 1504 வரை தீட்டிய இறுதித் தீர்ப்புச் சுவரோவியங்கள் இருக்கின்றன. கல்லறையிலிருந்து எழும் மனித உடல்களின் தசையையும் எலும்பையும் அவர் வரைந்திருக்கும் விதத்துக்காகவே இந்த ஊரில் இறங்கலாம் என்பது என் உறுதியான கருத்து. ஞாயிறு காலை வழிபாட்டு நேரம். அன்று போவதானால் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சான் பத்ரீசியோ கிணறு இழுவை ரயிலின் மேல் நிலையத்துக்கு அருகிலேயே இருப்பதால் கடைசியாகப் பார்ப்பது வசதி. 1527-இல் ரோம் சூறையாடப்பட்ட பின் இங்கே தஞ்சம் புகுந்த போப் ஏழாம் கிளெமெந்த், முற்றுகை வந்தாலும் ஊருக்குத் தண்ணீர் கிடைக்க வேண்டும் என்று தோண்டச் சொன்னது. ஆழம் ஐம்பது மீட்டருக்கு மேல். ஒன்றையொன்று தொடாத இரண்டு சுழற்படிகள்: தண்ணீர் சுமக்கும் கோவேறு கழுதைகள் ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறும், எதிரெதிரே முட்டிக்கொள்ளாது. படிகள் 248. இறங்கியவர் அத்தனையும் ஏற வேண்டும், லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலி, இதயத் தொல்லை உள்ளவர்கள் மேலேயே உட்கார்ந்துகொள்வது நல்லது. உள்ளே குளிரும், படி ஈரமாக இருக்கும். வழுக்காத செருப்பு தேவை.

சுமைதான் பெரிய சிக்கல். ரோமிலும் ஃபிளாரன்ஸிலும் இருப்பது போன்ற பெட்டிக் காப்பறையைச் சிறிய நிலையங்களில் எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் நீங்கள் பெட்டியோடுதான் ஊர் சுற்ற வேண்டியிருக்கும். ஊரெல்லாம் கருங்கல் பாவிய தெரு, சக்கரம் ஓடாது. தலைக்கு ஒரு முதுகுப்பை என்று குறைத்துக்கொள்ள முடியாத குடும்பம், பெட்டி வைக்க இடம் தரும் கடையையோ விடுதியையோ முதல் நாளே பேசி உறுதிசெய்துகொண்டு கிளம்புவது உத்தமம். அதுவும் முடியாவிட்டால் இந்தத் திட்டத்தையே கைவிடுங்கள் என்பேன்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, வட்டார ரயிலில் எதுவும் விற்க மாட்டார்கள். மதியம் மூன்றுக்குப் பிறகு பல உணவகங்கள் அடுப்பை அணைத்துவிடும். உள்ளூர் உம்பிரிக்கெல்லி என்பது மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துத் திரித்த தடித்த பாஸ்தா. தக்காளிக் குழம்போடு கேட்டால் சைவருக்கு ஏற்றது, ஆனாலும் குழம்பில் இறைச்சி உண்டா என்று கேட்டுவிடுங்கள். நத்தைச் சுருள் வடிவ லுமக்கெல்லா ரொட்டியைப் பார்த்து வெறும் பாலாடைக்கட்டி ரொட்டி என்று எண்ண வேண்டாம். உள்ளே பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும்.

திரும்பும்போது ஓர்வியேத்தோவின் நடைமேடையில் ஒரு தப்பு நடக்கும். ஃபிளாரன்ஸ் பக்கம் போகும் ‘இன்டர்சிட்டி’ வண்டிகளும் இங்கே நிற்கின்றன. வட்டார டிக்கெட் அதில் செல்லாது. அது மட்டுமல்ல, அவற்றில் சில மைய நிலையத்துக்குப் போகாமல் ஊரின் ஓரத்திலுள்ள காம்போ தி மார்த்தே நிலையத்தில் நின்றுவிட்டுப் போய்விடும். நேரடி வட்டார வண்டிகளுக்கு இடையே இரண்டு மணி நேரம் வரை இடைவெளி விழும். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது இருக்கிறது. கடைசி வண்டியை நம்பி மட்டும் உட்காராதீர்கள். அதிவேக ரயிலுக்கு வழிவிட வட்டார வண்டியை நிறுத்திவைப்பது வாடிக்கை, அரை மணி தாமதம் என்பது அங்கே செய்தியே இல்லை. அன்று மாலை விமானமோ முன்பதிவு செய்த வேறு ரயிலோ இருந்தால் இந்த நிறுத்தம் வேண்டாம்.

வேலைநிறுத்தம் அங்கே அடிக்கடி நடக்கும். சட்டப்படி பத்து நாள் முன்பாவது அறிவிக்க வேண்டும் என்பதால் முன்பே தெரிந்துவிடும். வேலைநாள்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் முக்கிய வட்டார வண்டிகளை ஓட்டியாக வேண்டும். காலையில் அந்த நேரத்தில் ரோமை விட்டு, மாலையில் அந்த நேரத்தில் ஓர்வியேத்தோவை விட்டால் அன்றும் பயணம் நடக்கும். ஞாயிறு, விடுமுறை நாள்களில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

மற்ற மலையூர்களுக்கும் இதே கணக்குதான், நிலையத்துக்கும் ஊருக்கும் உள்ள தூரத்தை மட்டும் முதலில் பாருங்கள். அரெட்சோவில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். கோர்த்தோனாவுக்குக் கமூச்சாவிலோ தெரோந்தோலாவிலோ இறங்கிப் பேருந்து ஏற வேண்டும். மோந்தேபுல்சானோ என்ற பெயரில் நிலையம் இருக்கிறது, ஊரோ கிலோமீட்டர் கணக்கில் தள்ளி. சான் ஜிமிஞானோவுக்கு ரயிலே கிடையாது.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தாலிப் பயணக் கட்டுரைகளில் டிக்கெட் விதியை வெளியிடும்போது, அது எந்த மாதம் சரிபார்க்கப்பட்டது என்பதையும் அடியில் அச்சிடுங்கள். வட்டார டிக்கெட்டை வாங்கி இரண்டு மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்ற விதி 2016-லேயே போய்விட்டது. இப்போது வாங்கும்போது குறித்த தேதிக்கு மட்டுமே அது செல்லும். பழைய கட்டுரைகளிலிருந்து எடுத்தெழுதுகிறவர்கள் இன்னமும் அந்த இரண்டு மாதத்தை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி