மூலைக்கு மூலை டேப் பிடிக்கச் சொன்னவருக்கு

கொட்டகை நின்றுவிட்டது. நேற்றுச் சாயங்காலம் கடைசித் திருகாணியும் ஏறியாயிற்று. முந்தைய கொட்டகையைக் காற்று தூக்கிப்போன கதையை மறுபடி எழுதப்போவதில்லை; இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அந்த ராத்திரி தகரத்தை விரட்டிப் பிடித்தவர்கள்தாம். மண்வெட்டியும் தள்ளுவண்டியும் இனிமேல் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்க வேண்டாம். அதற்கு யார் யார் காரணம் என்பதைக் கை வலி அடங்குவதற்குள் எழுதிவிடுகிறோம்.

முதல் நன்றி பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு. அவரை யாரும் உதவிக்குக் கூப்பிடவில்லை. ஆறு குழியும் தோண்டி, ஆறு தூணும் முட்டுக்கொடுத்து நிறுத்தி, சிமென்ட் ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நான்கு என்று கலந்து வைத்து, தண்ணீர் ஊற்றப்போகும் நேரம். வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "மூலைக்கு மூலை டேப் பிடிச்சாச்சா தம்பி?" என்று கேட்டார். பிடிக்கவில்லை. நான்கு பக்கமும் அளந்தாயிற்றே, 8 அடிக்கு 8 அடி, 6 அடிக்கு 6 அடி, மயிரிழை பிசகவில்லையே என்ற தைரியம்.

அந்தத் தைரியம்தான் எல்லாரையும் கவிழ்ப்பது. தீப்பெட்டியின் வெளிக்கூட்டைப் பக்கவாட்டில் லேசாக அமுக்கிப் பாருங்கள். பக்க அளவு ஒன்றும் மாறாது. கூடு மட்டும் சாய்ந்துவிடும். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்தால் மட்டும் போதாது, மூலைவிட்டம் இரண்டும் சமமாக வரவேண்டும். 6க்கு 8 கொட்டகையில் இன்னொரு வசதியும் உண்டு: மூலைவிட்டம் சரியாக 10 அடி. மனக்கணக்கே போதும். டேப் பிடித்தபோது ஒரு மூலைவிட்டம் 10 அடி 1½ அங்குலம், மற்றது 9 அடி 10½ அங்குலம். மூன்று அங்குலம் வித்தியாசம்.

மூன்று அங்குலம்தானே என்று விட்டிருந்தால் தரையில் ஒன்றும் தெரிந்திருக்காது. கூரை போடும்போதுதான் அது வெளியே வரும். தகரத்தைப் பக்கச் சுவருக்கு ஒட்டிப் போட்டால் முன்விளிம்பு ரம்பப்பல் மாதிரி ஏறி இறங்கும். விளிம்பை நேராக வைத்தால் பக்கத்துத் துருத்தல் ஒரு முனையில் 6 அங்குலம், மறுமுனையில் 4 அங்குலம் என்று கோணலாகும். தரைப்பலகை ஒவ்வொன்றின் நுனியையும் சாய்த்து அறுக்க வேண்டியிருக்கும். கலவை இறுகிய பிறகு இதையெல்லாம் சரிசெய்ய வழியே இல்லை, இடிப்பதைத் தவிர.

சரிசெய்ய ஆன நேரம் அரை மணிதான். வழியையும் அவரே சொன்னார்: ஆறு தூணையும் தொடாதே, ஒரு நீளப்பக்கத்து மூன்று தூண்களை மட்டும் அந்தப் பக்கத்தின் நீளவாட்டிலேயே நகர்த்து, நீளமான மூலைவிட்டம் சுருங்குகிற திசையில். நகர்த்த வேண்டியது கிட்டத்தட்ட 2 அங்குலம். குழி 12 அங்குல அகலம், தூண் 4 அங்குலம் என்பதால் புதிதாகத் தோண்ட வேண்டியிருக்கவில்லை. இடம் குறுகிய பக்கத்தில் கடப்பாரையால் கொஞ்சம் செதுக்கினால் போதுமாக இருந்தது. நூல் கட்டும் முளைகளை மூலையிலேயே அடிக்காமல் 2 அடி தள்ளி அடித்திருந்ததும் நல்லதாயிற்று. மூலையில் அடித்த முளை குழி தோண்டும்போதே போய்விடும், திரும்ப நூல் கட்ட ஆதாரம் இருக்காது.

அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். போனார், ஆனால் திரும்பி வந்தார்: ஒரு கையில் சுருட்டிய, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் குழாய், இன்னொரு கையில் அரை வாளித் தண்ணீர், காதில் செருகிய சாக்கட்டி. ரசமட்டம் எங்களிடமே இருந்தது. ஆனால் இரண்டடி ரசமட்டத்தைத் தூக்கித் தூக்கி வைத்து 8 அடியை அளந்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிசகு சேர்ந்துகொண்டே போகும். தண்ணீருக்கு அந்தத் தொல்லை இல்லை, குழாயின் இரண்டு முனையிலும் அது ஒரே மட்டத்தில்தான் நிற்கும்.

குழாயை அவர் நிரப்பியதைப் பார்க்க வேண்டும். ஒரு முனையை வாளிக்குள் அமிழ்த்தி, மறுமுனையைத் தாழப்பிடித்து உறிஞ்சிவிட்டு, தண்ணீர் நிதானமாக ஓடட்டும் என்று விட்டார். பிறகு குழாயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, அங்குலம் அங்குலமாக விரலால் சுண்டிக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு குமிழி, கடுகளவு. அதை மேலே ஏற்றி வெளியே விடும்வரை தூணுக்குப் பக்கத்திலேயே போகவில்லை. சின்னக் குமிழி சேர்ந்து குழாயை அடைத்துக்கொண்டால் இரண்டு முனையும் ஒரே மட்டம் காட்டாது. இன்னொன்றும் சொன்னார்: பார்க்கிற நேரத்தில் இரண்டு முனையும் திறந்திருக்கணும், ஒரு முனையில் கட்டைவிரல் இருந்தாலும் தண்ணீர் பொய் சொல்லும்.

ஆறு தூணிலும் அந்தத் தண்ணீர் மட்டத்தில் கோடு போட்டு, கோட்டிலிருந்து தரைக்கு அளந்தபோது மேட்டுப்பக்கம் 3 அடி, பள்ளப்பக்கம் 3 அடி 5 அங்குலம். கண்ணுக்கு அது இரண்டு அங்குல இறக்கமாகத்தான் தெரிந்திருந்தது. தரையிலிருந்து அளந்து தூண் தலையை அறுத்திருந்தால் கூரை பக்கவாட்டில் 5 அங்குலம் சரிந்திருக்கும். இப்போது கோட்டிலிருந்து முன்வரிசை 4 அடி, பின்வரிசை 3 அடி. ஆறடிக்கு ஓரடி வாட்டம், தண்ணீர் பின்னால் மட்டும்தான் வடியும்.

ஐயா, நீங்கள் "தப்பு" என்ற சொல்லை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டீர்கள். அந்தக் கேள்வி ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தால் வெறும் விமர்சனமாகப் போயிருக்கும்.

மற்றவர்களுக்கு இவ்வளவு இடம் கொடுக்க முடியவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம். குழி தோண்டிய சித்தப்பா பிள்ளைகளுக்கு நன்றி. அடியில் 4 அங்குலம் ஜல்லி போட்டு இடிக்க வேண்டும் என்பதில் நீங்கள் விட்டுக்கொடுக்காததால் தூண் அடியில் தண்ணீர் தங்காது. கலவையின் மேல்முகத்தைத் தூணிலிருந்து வெளிப்பக்கம் சரித்து இழைத்த மாமாவுக்கும் நன்றி. மரம் முதலில் இற்றுப்போவது மண்ணும் காற்றும் சந்திக்கிற அந்த வளையத்தில்தான். கூரையைத் தாங்கும் கைமரம் ஒவ்வொன்றையும் உத்திரத்தோடு இரும்புப் பட்டையால் கட்டிய மச்சானுக்குத் தனியாக ஒரு கும்பிடு. வெறும் ஆணி என்றால் காற்று கீழிருந்து தூக்கும்போது அடித்த வழியிலேயே உருவிக்கொண்டு வந்துவிடும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை இனி.

தகரத்தைக் கிரைண்டரில் அறுக்கவிடாமல் கத்தரியைக் கையில் கொடுத்த நண்பருக்கும் நன்றி. தீப்பொறி பட்ட இடத்தில் துத்தநாகப் பூச்சு கருகி, துரு அங்கேதான் தொடங்கும். திருகாணி துளைத்த இரும்புத்தூளைத் துணி சுற்றிய காந்தத்தால் துடைத்தெடுத்த இரண்டு வாண்டுகளும் அதே காரியத்தைத்தான் செய்தார்கள், விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு. ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கியதும் கையை எடுத்துவிடு என்று கீழே நின்று கத்திக்கொண்டே இருந்த அத்தை, நீங்கள் சொன்னது சரி. நசுங்கிய வாஷர் வெயிலில் வெடித்துவிடும், அப்புறம் ஒவ்வொரு திருகாணியும் ஒரு ஒழுக்கு.

கதவில் மட்டும் ஒரு தப்பு நடந்து, திருத்தியும் ஆயிற்று. குறுக்குக்கட்டையைக் கீல் பக்கத்து மேல்மூலையிலிருந்து கீழே இறக்கி அடித்திருந்தோம். கட்டை கீழ்க் கீலிலிருந்து கிளம்பி, தாழ்ப்பாள் பக்கத்து மேல்மூலைக்கு ஏற வேண்டும். அப்போதுதான் கதவின் பாரத்தை அது தாங்கிக் கீலுக்கு இறக்கும். மாற்றி அடித்தால் ஆணிகள்தான் இழுபடும், கதவு தொங்கும். கழற்றித் திருப்பி அடித்த நண்பர் வீட்டுக்குப் போகும்போது இருட்டிவிட்டது.

வாக்கு ஒன்று கொடுக்கிறோம். யார் வீட்டில் குழி தோண்டினாலும், கலவையில் தண்ணீர் விழுவதற்கு முன்னால் டேப்போடு அங்கே வந்து நிற்போம், கூப்பிடாவிட்டாலும்.

குழாயைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பெரியவர் வாங்கிக்கொள்ளவில்லை, கொட்டகையிலேயே கிடக்கட்டும் என்றுவிட்டார். வெயில் பட்டால் மஞ்சளடித்து விறைத்துப்போகும் என்பதால் கதவுக்குப் பின்னால், நிழலில், ஆணியில் சுருட்டி மாட்டியிருக்கிறது. பக்கத்தில் வாளியும் சாக்கட்டியும். வேண்டியவர்கள் எடுத்துப்போகலாம். திருப்பி மாட்டும்போது தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள், உள்ளே பாசி பிடித்தால் மட்டம் கண்ணுக்குத் தெரியாது.