செயலாளர் ஆண்டறிக்கை: ஒரு பேய்ப் படமும் நீங்கள் எழுதிய சீட்டுகளும்

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். மாதாந்திரத் திரையிடல் ஒன்று கூட விட்டுப்போகவில்லை, செயற்குழு ஒழுங்காகக் கூடியது, புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலானவர்கள் தொடர்ந்து வருகிறார்கள். இவற்றை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்த ஆண்டு நம் திரைப்படக் கழகத்தில் ஆளுக்கு ஆள் மாற்றி மாற்றிப் பேசிய, இன்னும் பேசிக்கொண்டிருக்கிற விஷயம் ஒன்றுதான். அதனால் அறிக்கையின் பெரும்பகுதியை அதற்கே கொடுக்கிறேன்.

வெஸ் கிரேவன் எடுத்த 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' படத்தைத்தான் சொல்கிறேன். 1984இல் வந்தது, 20 லட்சம் டாலரைத் தொடாத பட்ஜெட், கத்தி விரல்களோடு கனவுக்குள் வந்து கொல்கிற ஃபிரெடி க்ரூகர். ஒருவன் ஒவ்வொருவராகத் துரத்தித் துரத்திக் கொல்வது ஸ்லாஷர், அவன் ஏற்கெனவே செத்தவன் என்றால் அது பேய்ப் படமும் ஆகிவிடுகிறது. இந்த இரண்டும் சேர்ந்த படத்தை நாம் இதுவரை போட்டதே இல்லை. போடலாமா வேண்டாமா என்று செயற்குழுவிலேயே இரண்டு கட்சி இருந்தது. போட்டது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அமெரிக்காவில் ஒரு படம் வெளியான முதல் நாள் இரவே தியேட்டரில் சீட்டு கொடுத்து ஏ, பி, சி என்று மதிப்பெண் வாங்கும் வழக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. அதில் திகில் படங்களுக்கு மற்ற படங்களை விடக் குறைவாகத்தான் விழும், நல்ல படமாக இருந்தாலும் கூட. பயந்தவர் கோபத்தில் குறைத்துப் போடுகிறாரா, பயமே வரவில்லை என்று குறைத்துப் போடுகிறாரா என்பது ஓர் எழுத்தில் தெரியாது. அதனால் இந்தப் படத்துக்கு மட்டும் நாம் கொடுக்கும் கருத்துச் சீட்டில் மதிப்பெண் கேட்காமல் இரண்டு கேள்விகள் அச்சிட்டோம். எந்த இடத்தில் பயந்தீர்கள்? எந்த இடத்தில் படத்தை விட்டு வெளியே வந்துவிட்டீர்கள்? வழக்கமாக 'நன்று', 'சுமார்' என்று ஒரே சொல்லில் முடிக்கிறவர்கள் கூட அன்று சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதினார்கள். அத்தனை சீட்டுகளையும் இரண்டு முறை படித்தேன்.

முதலில் சிரிப்பு. தொடக்கத்தில் சந்துக்குள் ஃபிரெடியின் கைகள் இருபக்கச் சுவரையும் தொடுகிற அளவுக்கு நீண்டுகொண்டே வருமே, அங்கே அரங்கில் நல்ல சிரிப்பு எழுந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று நீளக் கழியில் கட்டி ஆட்டிய பொம்மைக் கைகள் அவை, பார்த்தாலே தெரிகிறது. அதே போலக் கடைசியில் கதாநாயகி நான்சியின் அம்மாவைக் கதவின் சின்ன ஜன்னல் வழியாக உள்ளே இழுக்கும்போது போவது ஆள் இல்லை, பொம்மை. இந்த இரண்டு இடங்களும் மிகப் பல சீட்டுகளில் இருந்தன. லோ பட்ஜெட் படம் என்றால் இப்படித்தான், இதற்கெல்லாம் நேரம் செலவழிக்க வேண்டுமா என்று சிலர் வருத்தத்தோடே எழுதியிருந்தார்கள்.

ஆனால் அதே சீட்டுகளின் மறுபக்கத்தைப் பார்த்தால் வேறு கதை. நான்சி தூங்கிக்கொண்டிருக்க, கட்டிலுக்கு மேலே உள்ள சுவர் மெதுவாகப் பிதுங்கி, ஒரு முகமும் இரண்டு கைகளும் வெளியே வரப் பார்த்து, குனிந்து, அவள் விழித்ததும் திரும்பவும் வெறும் சுவராகிறதே, அந்தக் காட்சியைக் குறிப்பிடாத சீட்டு அரிது. அன்றிரவு வீட்டில் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் படுத்ததாக ஓர் உறுப்பினர் மறுநாள் என்னிடம் சொன்னார். அந்தச் சுவரை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? அது சுவரே இல்லை. இழுத்துக் கட்டிய ஸ்பான்டெக்ஸ் என்கிற நீளும் துணி, பின்னால் ஓர் ஆள் நின்று முகத்தை அழுத்துகிறார். சந்தில் வந்த பொம்மைக் கையை விட இது விலை கூடினதாக எனக்குத் தோன்றவில்லை. சரி, அப்படியானால் ஒன்றுக்குச் சிரித்த அதே ஆட்கள் இன்னொன்றுக்கு ஏன் வாயடைத்துப் போனார்கள்?

நம் சீட்டுகளை வைத்து நான் புரிந்துகொண்டது இது. கை நீள்வதைப் படம் நம் கண் முன்னால் நிறுத்தி, பார் பார் என்று காட்டுகிறது. சுவர் பிதுங்குவதை அப்படிக் காட்டுவதில்லை. அவள் தூங்குகிறாள், அவளுக்குத் தெரியாது, நமக்கு மட்டும் தெரியும். காசு இல்லாதவன் எதை மறைக்க வேண்டும், எதை எவ்வளவு நேரம் காட்ட வேண்டும் என்று யோசித்தே ஆக வேண்டும். யோசித்த இடங்களில் நாம் பயந்திருக்கிறோம், யோசிக்காத இடங்களில் சிரித்திருக்கிறோம். கலந்துரையாடலில் ஒளிப்பதிவு தெரிந்த உறுப்பினர் 1978இல் வந்த 'ஹாலோவீன்' படத்துக் கொலைகாரனின் முகமூடியை நினைவூட்டினார். கடையில் வாங்கிய, 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் வரும் கேப்டன் கிர்க்கின் முகமூடிக்கு வெள்ளையடித்ததுதான் அது. அந்த வெற்று முகம் இன்னும் பயமுறுத்துகிறது.

நான்சியின் தோழி டீனா கூரையில் இழுபடும் காட்சியும், காதலன் க்ளென்னின் படுக்கையிலிருந்து ரத்தம் மேலே பீறிடும் காட்சியும் ஒரே அறையில் எடுத்தவை என்று சொன்னபோது பலர் நம்பவில்லை. அறையையே முழுதாகச் சுற்றும்படி கட்டி, கேமராவையும் அதை இயக்குபவரையும் அதிலேயே இறுக்கிக் கட்டிவிட்டு உருட்டினார்கள். அறை உருண்டது, கேமராவும் கூடவே உருண்டதால் அறை அசையாத மாதிரியும் அவள் கூரையில் ஏறுகிற மாதிரியும் நமக்குத் தெரிகிறது. ரத்தக் காட்சியில் அறை தலைகீழாக நின்றது, மேலிருந்து கீழே ஊற்றினார்கள், அவ்வளவுதான். இதைக் கேட்ட பிறகு அந்தக் காட்சியை மறுபடியும் போடச் சொன்னார்கள், போட்டோம். செய்முறை தெரிந்த பிறகும் முன்வரிசையில் இருந்தவர்கள் காலை மேலே தூக்கிக்கொண்டுதான் பார்த்தார்கள்.

அடுத்தது கடுமையான எதிர்ப்புகள். இளம்பெண்களைக் கிழித்துக் கொல்வதைக் கூட்டமாக உட்கார்ந்து பார்ப்பது என்ன ரசனை என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் எழுதியிருந்தார்கள், இரண்டு பேர் டீனா இறந்ததுமே எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் சொல்வதை நான் தள்ளிவிடவில்லை. என்ன மாதிரிப் படம் என்பதை அழைப்பிலேயே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது செயலாளரான என் தவறு. வரும் ஆண்டிலிருந்து வன்முறை உள்ள படங்களுக்கு ஒரு வரி எச்சரிக்கை கட்டாயம் இருக்கும்.

அதற்கு நேர் எதிராக ஒரு பெண் உறுப்பினரின் சீட்டு இருந்தது. நான் இந்த ஆண்டு படித்ததிலேயே சிறந்த விமர்சனம் அதுதான் என்பேன். இது ஃபிரெடியைப் பற்றிய படமே இல்லை, பெற்றோரைப் பற்றிய படம் என்கிறார். குழந்தைகளைக் கொன்றவன் சட்டத்திலிருந்து தப்பியதும் ஊர்ப் பெற்றோர் சேர்ந்து அவனை உயிரோடு எரித்தார்கள், பிறகு அதைப் பிள்ளைகளிடம் மறைத்தார்கள். விலை கொடுப்பது பிள்ளைகள். மகள் உண்மையைச் சொல்லும்போது அம்மா நம்பாமல் ஜன்னலுக்கெல்லாம் கம்பி போடுகிறாள், மகளைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து அவளைக் கொலைகாரனோடு சேர்த்துப் பூட்டுகிறாள். அந்தக் கம்பிகள்தான் படத்தில் தனக்குப் பெரிய பயம் என்று எழுதியிருந்தார். நான்சி தூங்காமல் இருக்க மறைத்து வைத்துக் காபி குடிப்பதையும், பொறி வைக்கும் புத்தகம் படித்து வீட்டையே பொறியாக்குவதையும், யாரும் காப்பாற்ற வரமாட்டார்கள் என்று தெரிந்த பெண் செய்கிற வேலையாக அவர் பார்க்கிறார். இப்படிப் படிக்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

அப்புறம் க்ளைமாக்ஸ். இதில்தான் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே குரல். நான்சி அவனைக் கனவிலிருந்து வெளியே இழுத்து வருகிறாள், கடைசியில் தன் பயம்தான் அவனுக்குப் பலம் என்று புரிந்து, அந்தப் பயத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு முதுகைக் காட்டுகிறாள், அவன் கரைந்து போகிறான். படம் அங்கே முடிந்திருந்தால் அரங்கம் கைதட்டியிருக்கும். ஆனால் அதற்குப் பிறகு விடிகிறது, நண்பர்கள் காரில் வருகிறார்கள், காரின் கூரை ஃபிரெடியின் ஸ்வெட்டர் நிறத்தில் இருக்கிறது, எல்லாம் மறுபடியும் தலைகீழ். பேய்க்கு ஒரு விதி சொல்லிவிட்டு நீங்களே அதை உடைக்கலாமா என்று கோபமாக எழுதியிருந்தார்கள். அந்தக் கோபம் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. நான்சி நிம்மதியாக விழிக்கும் முடிவைத்தான் கிரேவன் விரும்பினார், அடுத்த பாகத்துக்குக் கதவு திறந்திருக்க வேண்டும் என்று கேட்டவர் தயாரிப்பாளர் ராபர்ட் ஷே. நம் உறுப்பினர்களில் யாருக்கும் இது முன்னால் தெரியாது. தெரியாமலே, இந்த முடிவு வேறு யாரோ ஒட்டியது போல இருக்கிறது என்று மூன்று சீட்டுகளில் இருந்தது. மனிதக் கொலைகாரன் என்றால் ஓடலாம், போலீஸைக் கூப்பிடலாம். பேய் என்றால் அந்த வழியெல்லாம் அடைபடுகிறது, மிச்சம் இருப்பது படம் சொன்ன விதி ஒன்றுதான். பொம்மையை மன்னிக்கிற பார்வையாளர் விதி மீறினால் மன்னிப்பதில்லை. பட்ஜெட்டைக் காரணம் காட்டவே முடியாத குறை இது.

நம் பக்கத்துக் குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாமே போட்ட தமிழ் சப்டைட்டில் சில இடங்களில் இரண்டு நொடி முந்தி வந்துவிட்டது. தொலைபேசிக் காட்சியில் ஃபிரெடியின் குரல் வருவதற்குள் அவன் சொல்லப்போவதை எல்லோரும் படித்துவிட்டார்கள், திடுக்கிட வேண்டிய இடம் சப்பென்று போனது. சீட்டுகளில் அதைச் சுட்டிய எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். இனி திரையிடலுக்கு முந்தைய நாள் முழுப் படத்தையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் போடுவோம், இரண்டு இளம் உறுப்பினர்கள் பொறுப்பேற்றிருக்கிறார்கள்.

2022இல் வந்த 'டெர்ரிஃபையர் 2' படத்தையும் போட வேண்டும் என்று இளைஞர்கள் மனு கொடுத்திருக்கிறார்கள். சுமார் இரண்டரை லட்சம் டாலரில் எடுத்து ஒரு கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, அதிலும் சாகாத கொலைகாரன்தான். ஆனால் 138 நிமிடம், ரத்தம் இதை விடப் பல மடங்கு. செயற்குழு இன்னும் முடிவெடுக்கவில்லை, இன்றைய கூட்டத்தில் விவாதித்து வாக்கெடுக்கலாம்.

இரண்டு கேள்விச் சீட்டை எல்லாப் படங்களுக்கும் தொடர்வதாகத் தீர்மானம் கொண்டுவருகிறேன். பெயர் எழுத வேண்டியதில்லை, காட்சியை மட்டும் எழுதுங்கள். இதுவரை வந்த சீட்டுகள் எல்லாம் வாசலுக்குப் பக்கத்து மேசையில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. ஜன்னல் கம்பியைப் பற்றி எழுதிய சீட்டை மேலேயே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்