கடல் மணல் வேண்டாம், முருகேசா

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால்தான் இன்று பதில் எழுத வாய்த்தது. பேத்திக்கு மொட்டை போட்டாச்சா? போட்டோ அனுப்பு.

சரி, மீன் தொட்டி விஷயம். திருச்செந்தூர் போகிற சாக்கில் ஒரு பை கடல் மணல் அள்ளி வரலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டவே வேண்டாம். நான் பட்ட பாடு போதும். கோவளத்து மணலை ஏழெட்டுத் தண்ணீர் மாற்றி அலசித்தான் போட்டேன். உப்பு போனது, சிப்பித் தூள் போகுமா? அது சுண்ணாம்பு. மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையையும், அமில-கார அளவான பிஹெச்சையும் ஏற்றிவிடும். எங்கள் போர்வெல் தண்ணீரோ குழாயிலேயே வெள்ளை பூக்கிற ரகம். இரண்டு மாதத்தில் செடிகளின் கொழுந்து இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. நியான் டெட்ரா மீன்கள் ஒவ்வொன்றாய்ச் செத்து மிதந்தன. வீட்டில் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

எந்த மணலானாலும் ஒரு பிடியைக் காயவைத்துக் கண்ணாடி டம்ளரில் போட்டு வினிகர் ஊற்று. காதை ஒட்டி வைத்துக் கேள். மெல்லிசாகச் சீறினாலோ, மணல் இடுக்கிலிருந்து குமிழி கிளம்பினாலோ, அது தொட்டிக்கு ஆகாது.

வீடு கட்டுகிற இடத்தில் மிஞ்சிய ஆற்று மணல் கேட்டுப் பார், சிமென்ட் கலந்த குவியல் பக்கம் மட்டும் போகாதே. 2 மி.மீ. பருமன் இருந்தால் நல்லது. ரொம்ப நைசாக இருந்தால் இறுகிப்போய், அடியில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். எம்-சாண்ட் உடைத்த கருங்கல். முனை கூராக இருக்கும், மண்ணைத் துழாவுகிற கோரிடோராஸ் மீன் விடப்போகிறாய் என்றால் நான் போடமாட்டேன். சாயக் கல்லைப் பற்றிக் கேட்கவே கேட்காதே.

கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் போய் நின்றாலே ஆக்வா சாயில் என்கிற சத்து மண்ணை நீட்டுவார்கள். செடிக்கு அருமைதான். ஆனால் முதல் சில வாரம் அம்மோனியா விடும், மீனை உடனே விட முடியாது. உன் பொறுமை எனக்குத் தெரியாதா?

மணலில் சத்து இல்லை என்று கவலைப்படாதே. கிரிப்டோகோரைன் செடி வைத்தால் வேரடியில் உர மாத்திரை ஒன்று புதை. அனுபியாஸ் செடிக்கு மணலே வேண்டாம், கட்டையில் நூலால் கட்டிவிடு. அதன் கிழங்கைப் புதைத்தால் அழுகிவிடும்.

வினிகர் வாங்கியதும் கூப்பிடு. போனை டம்ளர் பக்கத்தில் வை, நானும் கேட்கிறேன்.

அன்புடன்,
ரங்கன்