உங்கள் கணக்கியல் கொள்கைக் குறிப்பில் உங்கள் நிறுவனம் எங்கே?

மருந்து நிறுவனங்களின் தணிக்கைக் குழு உறுப்பினர்களுக்கும் நிதித் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் ஆண்டறிக்கைகளைப் படிப்பதுதான் என் பிழைப்பு. லாபம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்பே கணக்கியல் கொள்கைகள் பற்றிய குறிப்புக்குப் போய்விடுவேன். எந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது அங்கேதான் தெரிய வேண்டும். ஆனால் உங்களில் பலருடைய குறிப்பை, நிறுவனத்தின் பெயரை மறைத்துவிட்டுப் படித்தால், அது மாத்திரை செய்கிறதா சிமென்ட் செய்கிறதா என்று சொல்ல முடியவில்லை. “பொருளின் மீதான கட்டுப்பாடு வாடிக்கையாளருக்கு மாறும்போது வருவாய் கணக்கில் கொள்ளப்படுகிறது.” “சரக்கிருப்பு, அடக்க விலை அல்லது நிகர விற்பனை மதிப்பு, இவற்றில் குறைந்ததில் மதிப்பிடப்படுகிறது.” இதெல்லாம் கணக்கியல் தரநிலையிலேயே இருக்கிறது, படிக்க உங்கள் அறிக்கை எதற்கு? தரநிலை உங்கள் முடிவுக்கு விட்டுவைத்த இடங்களில் நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள் என்பதைத்தான் நான் தேடுகிறேன்.

இது ஒரு வாசகனின் பிடிவாதம் மட்டுமில்லை. சர்வதேசக் கணக்கியல் தரநிலைகளில் ஒன்றான ஐஏஎஸ் 1-இல் செய்த திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விதியை நிறுவனம் தன் சூழலுக்கு எப்படிப் பொருத்திக்கொண்டது என்று சொல்லும் தகவல்தான் பயனுள்ளது, தரநிலை வாசகத்தைத் திருப்பி எழுதுவதால் அவ்வளவு பயனில்லை என்று அதில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். அதன்பிறகு நான் படித்த அறிக்கைகள் பலவற்றில் பக்கங்கள் குறைந்திருக்கின்றன. மிஞ்சியிருப்பது அதே ஈயடிச்சான் காப்பிதான்.

ஆராய்ச்சிச் செலவை எடுத்துக்கொள்வோம். ஆராய்ச்சிக் கட்டத்துச் செலவு முழுவதையும் அந்தந்த ஆண்டே லாப நட்டக் கணக்கில் எழுத வேண்டும் என்கிறது அருவச் சொத்துகளுக்கான (காப்புரிமை, உரிமம் போல உருவமில்லாத சொத்துகள்) தரநிலையான ஐஏஎஸ் 38. மேம்பாட்டுக் கட்டத்துச் செலவை, 6 நிபந்தனைகளும் நிறைவேறிய நாளிலிருந்து சொத்தாகக் காட்ட வேண்டும். இதில் விருப்பத்துக்கு இடமில்லை. மருந்துத் தொழிலில் எல்லாரும் முட்டிக்கொள்வது, தொழில்நுட்ப ரீதியாக இதை முடிக்க முடியுமா என்ற நிபந்தனையில்தான். அனுமதிக்கு முந்தைய பெரிய மனிதப் பரிசோதனையான மூன்றாம் கட்டம் வரை வந்து கவிழ்ந்த மூலக்கூறுகள் ஏராளம். அதனால் ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி கைக்கு வரும்வரை எல்லாவற்றையும் செலவாகவே எழுதுவது, புதுமருந்து கண்டுபிடிக்கும் நிறுவனங்களில் வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கம்தான், எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் காப்புரிமை முடிந்த மருந்தின் நகலான ஜெனரிக் மருந்து செய்பவருக்கு இதே கோடு பொருந்துமா? அங்கே மூலக்கூறு வேலை செய்யும் என்பது ஏற்கெனவே தெரியும். உடலில் அது சேரும் வேகமும் அளவும் மூல மருந்துக்குச் சமம் என்று காட்டினால் பெரிய தடை தாண்டியாயிற்று. ஆகவே அந்த நிறுவனம் கொஞ்சம் முன்னதாகவே செலவைச் சொத்தாக்க ஆரம்பிப்பதற்கு நியாயம் உண்டு. எந்தக் கட்டத்தில் கோடு கிழிக்கிறீர்கள் என்று சொல்லாமல் “நிபந்தனைகள் நிறைவேறும்போது” என்று மட்டும் எழுதிவிட்டுப் போவதற்குத்தான் நியாயம் இல்லை. ஒருமுறை செலவாக எழுதியதைப் பிற்பாடு சொத்தாக மாற்ற ஐஏஎஸ் 38 அனுமதிக்காது. அந்தக் கோடு ஆறு மாதம் முன்னே பின்னே நகர்ந்தால் லாபமும் கூடவே நகரும்.

இதைவிடக் குழப்பமானது வாங்கிவந்த மூலக்கூறின் கதை. உங்கள் ஆய்வகத்தில் இரண்டாம் கட்டப் பரிசோதனையில் ஒரு மூலக்கூறு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதுவரை 200 செலவழித்திருக்கிறீர்கள். மொத்தமும் செலவுக் கணக்கில் போயாயிற்று. அதே நோய்க்கு, அதே கட்டத்தில் இருக்கும் இன்னொரு மூலக்கூறின் உரிமத்தை ஒரு சிறிய நிறுவனத்திடமிருந்து 200 கொடுத்து வாங்குகிறீர்கள். இது சொத்து. தனியாக விலைகொடுத்து வாங்கிய அருவச் சொத்துக்கு, எதிர்காலப் பலன் வரும் வாய்ப்பு அந்த விலையிலேயே அடங்கிவிட்டதாகத் தரநிலை கொள்கிறது. அமெரிக்க விதிப்படி எழுதுபவர்களுக்கு நிலைமை வேறு. வேறு எதற்கும் பயன்படாத மூலக்கூறைத் தனியாக வாங்கினால் அன்றே செலவு. ஒரு தொழிலையே கையகப்படுத்தும்போது அது கூட வந்தால் சொத்து. மூலக்கூறு ஒன்றுதான், எந்த வாசல் வழியாக வந்தது என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது.

விதி அப்படி இருக்கிறது, அதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். பிறகு நடப்பதைத்தான் கேட்கிறேன். வாங்கிய மூலக்கூறு விற்பனைக்குத் தயாராகும்வரை அதற்குத் தேய்மானம் கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது மதிப்பிழப்புச் சோதனை உண்டு, அதாவது ஏட்டில் இருக்கும் மதிப்பு இன்னும் தேறுமா என்று பார்ப்பது. பரிசோதனை தோற்றால் 200-ஐயும் மதிப்பிழப்பு என்று எழுதுகிறீர்கள். உடனே, முதலீட்டாளர் கூட்டத்தில் காட்டும் ‘சரிசெய்யப்பட்ட லாப’த்தில் அதை நீக்கிவிடுகிறீர்கள், இது தொடர்ந்து வரும் செலவு இல்லையாம். மருந்து வென்றால் ஆண்டுதோறும் வரும் தேய்மானத்தையும் அதே லாபத்திலிருந்து நீக்குகிறீர்கள். ஆக, விலைகொடுத்து வாங்கிய ஆராய்ச்சி வென்றாலும் தோற்றாலும் நீங்கள் மேடையில் காட்டும் லாபத்தைத் தொடுவதே இல்லை. சொந்த ஆய்வகத்தில் வேலை செய்யும் விஞ்ஞானியின் சம்பளம் மட்டும் தொடுகிறது. நிதிநிலை அறிக்கையின் அமைப்புக்கான புதிய சர்வதேசத் தரநிலையான ஐஎஃப்ஆர்எஸ் 18, 2027 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரும்போது, நிர்வாகம் தானே வகுத்து வெளியிடும் இத்தகைய லாப அளவுகளை நிதிநிலை அறிக்கையின் குறிப்பிலேயே விளக்க வேண்டியிருக்கும். தணிக்கையும் அவற்றைத் தொடும். அதுவரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

உரிமத்தோடு ஒட்டிவரும் மைல்ஸ்டோன் தொகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அனுமதி கிடைத்தால் இவ்வளவு, விற்பனை இந்த அளவைத் தாண்டினால் இவ்வளவு என்று ஒப்பந்தம் போடுகிறீர்கள். வாங்கிய அன்றே இதைக் கடனாகக் காட்டுவதா, நிகழ்வு நடக்கும்போது சொத்தின் விலையில் சேர்ப்பதா? ஐஎஃப்ஆர்எஸ் விளக்கக் குழு 2016-இல் இதைப் பேசி, ஒருமித்த முடிவுக்கு வராமல் விட்டது. விற்பனை சார்ந்த தொகையைச் சிலர் சொத்தில் சேர்க்கிறார்கள், சிலர் ராயல்டி போலச் செலவில் எழுதுகிறார்கள். விதியே வாய் மூடியிருக்கும் இடத்தில் நீங்களும் வாய் மூடினால் நான் யாரிடம் கேட்பது?

இனி வருவாய்க்கு வருகிறேன். மருந்து நிறுவனத்தின் கணக்கில் மிகப் பெரிய மதிப்பீடு இங்கேதான் இருக்கிறது, குறிப்பில் மிகக் குறைவாகச் சொல்லப்படுவதும் இங்கேதான். விலைப்பட்டியலில் இருக்கும் விலைக்கும் கடைசியில் கைக்கு வரும் பணத்துக்கும் நடுவே விற்ற பிறகு காப்பீட்டாளருக்குத் திருப்பித் தரும் தள்ளுபடியான ரிபேட் இருக்கிறது. மொத்த விநியோகஸ்தர் ஒப்பந்த விலையில் மருத்துவமனைக்கு விற்றுவிட்டு வித்தியாசத்தை உங்களிடம் கேட்டு வாங்கும் சார்ஜ்பேக் இருக்கிறது. உடனடிப் பணத் தள்ளுபடியும் காலாவதி ரிட்டர்னும் இருக்கின்றன. வருவாய்க்கான தரநிலையான ஐஎஃப்ஆர்எஸ் 15 இவை எல்லாவற்றையும் விற்கும் அன்றே மதிப்பிட்டுக் கழிக்கச் சொல்கிறது. பின்னால் பெரிய அளவில் திரும்ப எடுக்க வேண்டிவராது என்ற உறுதி மிக அதிகமாக இருக்கும் அளவுக்கு மட்டுமே வருவாய் எழுதலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பட்டியல் விலையில் விற்பனை 1,000. மேலே சொன்ன கழிவுகள் எல்லாம் சேர்த்து 45 சதவீதம் என்று மதிப்பிட்டால் நிகர வருவாய் 550. அதில் செயல்பாட்டு லாபம் 20 சதவீதம், அதாவது 110. இப்போது யாரோ ஒருவர் உட்கார்ந்து, கழிவு 45 வேண்டாம், 43 போதும் என்று முடிவு செய்கிறார். வருவாய் 570 ஆகிறது. தயாரிப்புச் செலவோ சம்பளமோ ஏறவில்லை, எனவே கூடுதல் 20 அப்படியே லாபத்தில் விழுகிறது: 130. இரண்டே புள்ளி நகர்ந்ததில் லாபம் 18 சதவீதம் உயர்ந்துவிட்டது. இந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்ற கேள்விக்கு உங்கள் குறிப்பு தரும் பதில் “கடந்தகால அனுபவத்தின் அடிப்படையில்”. யாருடைய அனுபவம், எத்தனை ஆண்டு, எந்த மருந்துக்கு?

காலாவதி ரிட்டர்னையே பாருங்கள். 24 மாத ஆயுள் கொண்ட ஒரு பேட்ச் ஜனவரியில் தயாராகிறது, ஏப்ரலில் விநியோகஸ்தருக்குப் போகிறது. காலாவதிக்கு 6 மாதம் முன்பிருந்து 12 மாதம் பின்புவரை திருப்பி எடுத்துக்கொள்வதாக ஒப்பந்தம் என்று கொள்வோம். அந்த ஏப்ரல் விற்பனையின் கடைசி ரிட்டர்ன் வர 33 மாதம் வரை ஆகலாம். இடையில் போட்டிக்கு ஜெனரிக் வந்துவிட்டால் பழைய பிராண்ட் அலமாரியில் தேங்கும். போன ஆண்டு ரிட்டர்ன் சதவீதம் எதற்கும் உதவாது. திரும்பி வரும் பெட்டியை மறுபடி விற்கவும் முடியாது, எரிக்கத்தான் வேண்டும். ஆகவே திரும்பி வரும் சரக்குக்கு எதிராகச் சொத்து எதையும் காட்டுவதற்கில்லை. காப்புரிமை முடியும் ஆண்டில் ரிட்டர்ன் மதிப்பீட்டை எப்படி மாற்றுகிறீர்கள் என்று ஒரே ஒரு பத்தி எழுதினால் போதும். அப்படி ஒரு பத்தியை நான் பார்ப்பது அபூர்வம்.

விநியோகஸ்தரிடம் தேங்கும் சரக்கு கற்பனைக் கவலை இல்லை. பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குயிப் நிறுவனம், ஆண்டு இலக்கை எட்டுவதற்காகத் தேவைக்கு மேல் மொத்த வியாபாரிகளிடம் சரக்கைத் தள்ளியது என்ற குற்றச்சாட்டில், 2004 ஆகஸ்டில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்துக்கு 15 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. வேலியன்ட் என்ற மருந்து நிறுவனம் 2016-இல், பிலிடோர் என்ற மருந்தகத்துக்கு அனுப்பியபோதே எழுதிய சுமார் 5.8 கோடி டாலர் வருவாயை அப்போது எழுதியிருக்கக் கூடாது என்று அறிவித்தது. இரண்டிலும் சிக்கல் ஒன்றேதான்: லாரி ஏறியதும் விற்பனையா, சரக்கு உண்மையில் நகர்ந்ததும் விற்பனையா? ஆண்டு முடிவில் விநியோகஸ்தர்களிடம் எத்தனை வாரச் சரக்கு இருக்கிறது என்ற ஒரு எண்ணைத் தந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். அந்த எண் உங்கள் விற்பனைத் துறையின் மேசையில் இருக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

அனுமதிக்கு முன்பே தயாரித்துக் குவிக்கும் சரக்கும் இப்படித்தான். அனுமதி வராவிட்டால் அது குப்பை என்பதால் பலர் முழு மதிப்பையும் குறைத்து எழுதுகிறார்கள். அனுமதி வந்ததும், சரக்கிருப்புக்கான தரநிலையான ஐஏஎஸ் 2-இன்படி அந்தக் குறைப்பைத் திருப்பி எழுதலாம். அமெரிக்க விதியில் முடியாது. அதனால் அங்கே புது மருந்தின் முதல் சில காலாண்டுகளில் விற்கும் சரக்குக்கு அடக்க விலையே இல்லாததுபோல் ஆகி, லாப விகிதம் வானத்தைத் தொடுகிறது. பிறகு இறங்கும்போது பங்குதாரர் பதறுகிறார். குறைத்து எழுதிய தொகையைச் சிலர் ஆராய்ச்சிச் செலவில் போடுகிறார்கள், சிலர் விற்பனை அடக்கத்தில் போடுகிறார்கள். எதில் போட்டீர்கள், எவ்வளவு சரக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது என்பதற்கு இரண்டு வரி போதும்.

வழக்குகளைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. மெர்க் நிறுவனம், வயாக்ஸ் என்ற வலிநிவாரணியை 2004 செப்டம்பரில் சந்தையிலிருந்து விலக்கியது; வழக்காடும் செலவுக்கு ஒதுக்கீடு செய்தது; இழப்பீட்டுக்கு ஒதுக்கீடு செய்யவில்லை. 2007 நவம்பரில் 485 கோடி டாலருக்குச் சமரசம் அறிவித்தது. தொகையை மதிப்பிட முடியாது என்று சொல்வது விதிக்கு உட்பட்டதுதான். ஆனால் வழக்கறிஞர் செலவுக்கு முன்கூட்டியே ஒதுக்குகிறீர்களா, ஆகும்போது எழுதுகிறீர்களா என்பதையாவது சொல்லுங்கள்.

நீங்கள் சொல்லப்போகும் மறுப்பு எனக்குத் தெரியும். இதையெல்லாம் எழுதினால் போட்டியாளருக்கு விலை தெரிந்துவிடும் என்பீர்கள். ஒவ்வொரு மருந்துக்கும் யாருக்கு எவ்வளவு ரிபேட் என்று நான் கேட்கவில்லை. மதிப்பீட்டின் முறையைக் கேட்கிறேன். அதில் ரகசியம் எதுவும் இல்லை என்பதற்கு உங்கள் தணிக்கையாளரே சாட்சி. 2016 டிசம்பர் 15 முதல் முடியும் ஆண்டுகளுக்கு, சர்வதேசத் தணிக்கைத் தரநிலையான ஐஎஸ்ஏ 701-இன்படி பட்டியலிட்ட நிறுவனங்களின் தணிக்கையாளர்கள் முக்கியத் தணிக்கை விஷயங்களைத் தங்கள் அறிக்கையில் எழுதுகிறார்கள். மருந்து நிறுவனம் என்றால் ரிபேட் ஒதுக்கீடும் அருவச் சொத்தின் மதிப்பிழப்பும் அடிக்கடி அதில் இடம்பிடிக்கின்றன. எந்த அனுமானம் ஆட்டம் காணக்கூடியது, அதை எப்படிச் சோதித்தோம் என்று அவர்கள் எழுதும் அரைப் பக்கத்தில், உங்கள் கொள்கைக் குறிப்பு முழுவதிலும் கிடைக்காத தகவல் எனக்குக் கிடைத்துவிடுகிறது. கணக்கு உங்களுடையது, விளக்கம் மட்டும் தணிக்கையாளருடையதா?

ஐஎஃப்ஆர்எஸ் 18-க்காக எப்படியும் உங்கள் அறிக்கையின் அமைப்பைப் பிரித்துப்போட்டு மறுபடி கட்டப்போகிறீர்கள். அப்போது கொள்கைக் குறிப்பை ஒரு தணிக்கை நிறுவனத்தின் மாதிரிப் படிவத்திலிருந்து எடுக்காமல், ஒழுங்குமுறை விவகாரங்களைப் பார்ப்பவரையும் விற்பனைத் தலைவரையும் உட்காரவைத்து எழுதுங்கள். எது எப்போது சொத்தாகிறது என்று முன்னவருக்குத் தெரியும். எந்தச் சரக்கு எங்கே தூங்குகிறது என்று பின்னவருக்குத் தெரியும்.

அதற்கும் முன்பாக, அடுத்த அறிக்கையிலேயே ஒன்று செய்யலாம். ரிபேட்டுக்கும் ரிட்டர்னுக்குமான ஒதுக்கீட்டை ஒரு அட்டவணையாகப் போடுங்கள்: ஆண்டுத் தொடக்க இருப்பு, இந்த ஆண்டு விற்பனைக்காக ஒதுக்கியது, கொடுத்துத் தீர்த்தது, ஆண்டு இறுதி இருப்பு. கூடவே, முந்தைய ஆண்டுகளின் விற்பனைக்காகச் செய்த திருத்தத்தைத் தனி வரியில் காட்டுங்கள். போன ஆண்டு நீங்கள் போட்ட மதிப்பீடு எவ்வளவு பிசகியது, எந்தப் பக்கம் பிசகியது என்பது அந்த வரியில் தெரியும். அமெரிக்காவில் பட்டியலிட்ட மருந்து நிறுவனங்கள் பல இதை ஏற்கெனவே வெளியிடுகின்றன. உங்கள் கணக்குத் துறையிலும் இந்த அட்டவணை ஏதோ ஒரு கோப்பில் கட்டாயம் இருக்கும். அதை அச்சுக்கு அனுப்ப எந்தத் தரநிலையும் மாற வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் குறிப்புகளைக் கடைசி வரி வரை படிக்கும் ஒரு வாசகன்