மேலே பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்கியது பற்றிய புகார்

அனுப்புநர்
1997 மாடல் மாருதி 800 வண்டியின் உரிமையாளர்,
காரைக்குடி.

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர்,
தலைமை அலுவலகம், சென்னை.

நாள்: 27.10.2025

பொருள்: எஞ்சின் ஆயில் கசிவின் காரணத்தைத் தவறாகச் சொல்லி, தேவையில்லாத வேலை செய்து பணம் வாங்கியது; பணத்தைத் திருப்பிக் கேட்பது.

ஐயா,

என் வண்டி கார்புரேட்டர் காலத்து 800. அப்பா வாங்கியது. 15 வருடம் முடிந்த பிறகு ஆர்.சி.யை மூன்று முறை புதுப்பித்தாயிற்று. வண்டி பழசு என்பது எனக்குத் தெரியும். உங்கள் திருச்சி கிளையின் சர்வீஸ் அட்வைசர் அதை ஐந்தாறு தடவை எனக்கு எடுத்துச் சொன்னார். அவர் பிறப்பதற்கு முன்பே நான் இதை ஓட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

ஆகஸ்ட் கடைசியிலிருந்து போர்ட்டிகோவில் ஆத்தங்குடிக் கல்லின் மேல் காலையில் ஒரு சொட்டு கிடந்தது. முதலில் எட்டணா அளவு, அப்புறம் தோசை அளவு. ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தால் மேல் கோட்டில் இருந்த ஆயில் 700 கிலோமீட்டருக்குள் கீழ்க் கோட்டுக்கு வந்திருந்தது. சரி, தீபாவளிக்குள் முடித்துவிடலாம் என்று, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காயும் முன்பே அக்டோபர் 4-ஆம் தேதி உங்கள் கிளையில் கொண்டுவந்து விட்டேன்.

அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், பெல் ஹவுசிங்கின் அடியில், ஆயில் ஈரம். கூடவே ஒரு குரல் பதிவு: “சார், பின்பக்க கிராங்க் ஆயில் சீல் (கிராங்க் தண்டு வெளிவரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் வளையம்) போயிடுச்சு. கியர்பாக்ஸ் இறக்கணும். இறக்குறதோட கிளட்சையும் மாத்திடுறது நல்லது.” கிளட்ச் போட்டு இரண்டு வருடம்தான் ஆகிறது, வழுக்கல் எதுவும் இல்லை என்று நான் சொன்னேன். “ஆயில் பட்டிருக்கும் சார், திரும்ப இறக்கினா திரும்ப லேபர்” என்றார்கள். அந்தக் கணக்குக்கு நான் தலையாட்டிவிட்டேன். என் தவறு அது ஒன்றுதான்.

பில் இதோ. கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றிய கூலி 4,500 ரூபாய், கிளட்ச் செட் 3,200, சீல் 380, கியர் ஆயில் 800, ‘கசிவு ஆய்வு’ 750, எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் 1,450, எஞ்சின் வாஷ் 600, சீலன்ட் 250. வரியோடு 14,000 ரூபாயைத் தாண்டியது. அக்டோபர் 8-ஆம் தேதி வண்டியை எடுத்தபோது எஞ்சின் பளபளவென்று இருந்தது. அடியில் குனிந்து பார்த்தேன், ஒரு பொட்டு ஈரம் இல்லை. திருமயம் தாண்டும்போது உங்கள் ஆபீசிலிருந்து போன்: “ஐந்து ஸ்டார் கொடுங்க சார்.” ஓரமாக நிறுத்திக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அதே கல்லில் அதே சொட்டு.

போன் செய்தேன். “பழைய வண்டி சார், கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். ஆயிலை டாப்-அப் பண்ணிக்குங்க” என்று பதில். கசிவை நிறுத்துகிறோம் என்று பணம் வாங்கிய பிறகு சொல்லும் பதிலா இது? இதே பதிலை 4-ஆம் தேதியே சொல்லியிருந்தால் எனக்குப் பணமாவது மிஞ்சியிருக்கும்.

18-ஆம் தேதி எங்கள் ஊர் மெக்கானிக் பாயிடம் போனேன். வேப்பமரத்தடியில் கடை, லிஃப்ட் கிடையாது. அவர் செய்ததை விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் 750 ரூபாய் வாங்கிய ‘ஆய்வு’ இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

முதலில் ஸ்பானரையே தொடவில்லை. சொட்டைத் தொட்டு விரலில் தேய்த்து முகர்ந்தார். “கியர் ஆயில்னா கந்தக நாத்தம் அடிக்கும்ணே, இது எஞ்சின் ஆயில்.” பிறகு எஞ்சினை மேலிருந்து கீழ்வரை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட்டார். காய்ந்ததும், குழந்தைக்குப் போடும் பவுடர் டப்பாவை எடுத்து டேப்பட் கவர் (எஞ்சின் தலைமேல் இருக்கும் மூடி) ஓரம், டிஸ்ட்ரிப்யூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பாகம்) அடி, ஆயில் ஃபில்டர் பக்கம், பெல் ஹவுசிங் எல்லாவற்றிலும் தூவினார். கால் மணி நேரம் எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, அப்புறம் குன்றக்குடி வரை ஒரு ஓட்டம் போய்வரச் சொன்னார். சூடேறி ஆயில் இளகினால்தான் கசிவு தன்னைக் காட்டிக்கொள்ளுமாம்.

திரும்பி வந்து பானெட்டைத் தூக்கியபோது எனக்கே தெரிந்தது. வெள்ளைப் பவுடரில் மை இழுத்ததுபோல் ஒரே ஒரு கோடு. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் டிஸ்ட்ரிப்யூட்டர் உட்காரும் இடத்தில் தொடங்கி, நேராகக் கியர்பாக்ஸ் தலைமேல் இறங்கி, பெல் ஹவுசிங்கைச் சுற்றிக்கொண்டு அடிக்குப் போயிருந்தது. 800-இல் டிஸ்ட்ரிப்யூட்டர் இருப்பது ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்க ஓரத்தில். அங்கே ஒழுகுவது எல்லாம் பெல் ஹவுசிங் வழியாகத்தான் கீழே வரும். ஓட்டு வீட்டில் வளர்ந்தவனுக்கு இது புதிதில்லை. மழைத் தண்ணீர் கூடத்தில் சொட்டும், உடைந்த ஓடு தாழ்வாரத்துக்கு மேலே இருக்கும். உங்கள் ஆட்கள் கூடத்தைத் தோண்டியிருக்கிறார்கள்.

பாய் டிஸ்ட்ரிப்யூட்டரைக் கழற்றும் முன் அதன் உடம்பிலும் அது உட்காரும் ஹவுசிங்கிலும் சேர்த்து ஸ்க்ரூ டிரைவரால் ஒரு கோடு கீறினார். திரும்ப மாட்டும்போது அந்தக் கோடு தப்பினால் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், தப்பிவிடும் என்றார். உள்ளே ஆயிலைத் தடுக்கும் ஓ-ரிங் வளையம் ரப்பராகவே இல்லை. நகத்தால் நெம்பியதும் வளையல் மாதிரி இரண்டாக உடைந்தது. இத்தனை வருடம் சூட்டில் வெந்தால் ரப்பர் அப்படித்தான் ஆகும். புது ஓ-ரிங் 40 ரூபாய். கூலி 300. அன்றிலிருந்து இன்று வரை, தீபாவளிக்கு மதுரை போய்வந்த பிறகும், வண்டிக்கு அடியில் விரித்த அட்டை காய்ந்தே கிடக்கிறது.

இன்னொன்றும் வெளியே வந்தது. டேப்பட் கவர் ஓரத்தில் உங்கள் 250 ரூபாய் சீலன்ட் பிதுங்கி நின்றது. பாய் கவரைத் திறந்தார். பழைய பேக்கிங்கை மாற்றாமல், அதன் மேலேயே பேஸ்ட்டை அப்பி, நட்டை இறுக்கியிருக்கிறார்கள். உள்பக்கம் சேமியா போல் பேஸ்ட் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு துண்டு அறுந்து அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் விழுந்து ஆயில் சல்லடையை அடைத்தால் எஞ்சினுக்கு ஆயில் ஏறாது. கசிவை நிறுத்த வந்தவன் எஞ்சினையே இழந்திருப்பேன். முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டுப் புது பேக்கிங் போட்டோம். எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் குழாய் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடி ஆயிலை வெளியே தள்ளும் என்று அதையும் ஊதிப் பார்த்தார், அது சரியாகவே இருந்தது.

உங்கள் எஞ்சின் வாஷ் பற்றியும் சொல்ல வேண்டும். அதை வேலை தொடங்கும் முன் செய்து, 20 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்திருந்தால் உங்களுக்கும் அந்தக் கோடு தெரிந்திருக்கும். நீங்கள் அதை டெலிவரிக்கு முன் செய்தீர்கள். அதனால் 8-ஆம் தேதி நான் பார்த்தது நின்றுபோன கசிவை அல்ல, கழுவிய எஞ்சினை.

நியாயமாக ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கழற்றிய கிராங்க் சீல் நல்ல நிலையில்தான் இருந்தது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. 28 வருட வண்டியில் அதுவும் கெட்டிருக்கலாம். ஆனால் அதைப் பார்க்க வழியில்லை. பழைய சீலையும் பழைய கிளட்ச் பிளேட்டையும் டெலிவரியின்போதே கேட்டேன், “ஸ்கிராப்பில் போட்டாச்சு” என்றார்கள். ஆயில் பட்ட கிளட்ச் என்று சொல்லி மாற்றியவர்கள் அந்த ஆயிலை எனக்குக் காட்டியிருக்க வேண்டாமா? ஒரு போட்டோகூட இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். கியர்பாக்ஸ் கூலி, கிளட்ச் செட், சீல், கியர் ஆயில், ஆய்வுக் கட்டணம் ஆகிய 9,630 ரூபாயையும் அதற்குரிய வரியையும் திருப்பித் தர வேண்டும். எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் எப்படியும் மாற்ற வேண்டியவை, அந்தப் பணம் வேண்டாம். வாஷுக்கும் சீலன்ட்டுக்கும் நான் கணக்குப் பேச வரவில்லை. அடுத்து, பழைய கிளட்ச் பிளேட் உண்மையிலேயே ஆயில் பட்டிருந்ததா என்று ஜாப் கார்டில் யார் என்ன எழுதினார்கள் என்பதன் நகல் எனக்கு வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். அதன் பிறகு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட இப்போது இடம் இருக்கிறது, 5 லட்சத்துக்குள் கட்டணமும் இல்லை. எனவே இதற்காக நான் திருச்சிக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள்தான் சிவகங்கை மாவட்டத்துக்கு வர வேண்டியிருக்கும்.

அந்த ஐந்து ஸ்டாரையும் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
வண்டி உரிமையாளர்

இணைப்பு: உங்கள் பில்லின் நகல், வாட்ஸ்அப் போட்டோ, உரையாடல் அச்சுப்பிரதி, பவுடரில் கோடு தெரியும் போட்டோக்கள் மூன்று, மெக்கானிக் எழுதிக் கொடுத்த ரசீது, சிறு கவரில், உடைந்த ஓ-ரிங்கின் ஒரு பாதி. மறுபாதி என்னிடம் இருக்கிறது.